பத்துமலை அடிவாரத்தில் 52: ஒரு சுற்றுலா நாளின் நிகழ்வு ஆய்வு

மாங்காய் சீசன் முடிந்து, கூழ் ஆலைக்காரர்கள் கணக்குத் தீர்த்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் வெளியூர்ப் பயணப் பேச்சே எழும். அப்படி ஓர் ஆகஸ்ட் மாதம் காவேரிப்பட்டணம், காரிமங்கலம், பாலக்கோடு ஊர்களிலிருந்து 26 பேர் சேர்ந்து சிங்கப்பூர், மலேசியா போய்வந்தோம். ஏழு நாள் பயணம். அதில் ஐந்தாம் நாளை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். கோலாலம்பூரில் அன்று மதியம், எங்களோடு வந்த ஓர் அக்காவுக்குப் பத்துமலை முருகன் கோயில் அடிவாரத்தில் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி உட்கார்ந்துவிட்டார். இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் அது நடந்திருக்கவே கூடாது. நடக்காமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருத்தி அதே பேருந்தில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நான் பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் 30 வருடத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை இறங்கியவர்களைக் களத்துமேட்டிலும் பார்த்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டிலும் பார்த்திருக்கிறேன். குழுவில் எல்லோரும் என்னை நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள். அக்காவிடம் கேட்டு, அவர் சரியென்ற பிறகே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். ஊரும் வேண்டாம் என்றார். வயது 63, சொந்தமாகக் கொஞ்சம் பெங்களூரா மாந்தோப்பு, 11 வருடமாகச் சுகர். அவ்வளவு போதும்.

அக்காவின் வழக்கமான காலை

வீட்டில் அவருக்கு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான் அன்று என்ன பிசகியது என்பது புரியும். காலை ஏழரைக்கு ஒரு மாத்திரை. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. எட்டு மணிக்குள் இட்லியோ களியோ சாப்பிட்டுவிட்டுத் தோப்புக்குப் போவார். பகல் ஒரு மணிக்குச் சோறு. இந்த ஒழுங்கு வருடக்கணக்காக மாறவில்லை. கட்டிக்கொடுத்த மகள் ஓசூரில் இருக்கிறார். தினமும் ஏழரைக்குப் போன் செய்து "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்பது அவர் பழக்கம். பாசத்தில் ஆரம்பித்தது, கடிகாரமாகவே ஆகிவிட்டது.

அந்த மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு ஒருவேளைச் சாப்பாடு தவறினால் பெரும்பாலும் ஆபத்து வராது. கிளிமிபிரைடு அப்படியில்லை. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு விழுந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஒருமுறை போட்டால் அதன் வேலை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நீளும். அதனால்தான் "சாப்பிடும்போது போடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். "சாப்பிடலைன்னா போடாதீங்க" என்று அதே அழுத்தத்தோடு சொல்கிறோமா? என் பணிக்காலத்தில் நானே போதுமான அளவு சொல்லவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

தாளில் இருந்த நாள்

ஏற்பாடு செய்த ஏஜென்சி கொடுத்த தாளில் ஐந்தாம் நாள் இப்படி இருந்தது. எட்டு மணிக்கு ஓட்டலிலிருந்து கிளம்பி, ஒன்பதுக்கு வெயிலுக்கு முன்னால் பத்துமலை. பதினொன்றரைக்கு அரண்மனை வாசலில் போட்டோ. பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு. அதன்பின் புத்ராஜெயா, சாக்லேட் கடை, சாயங்காலம் இரட்டைக் கோபுரம், ஏழரைக்கு இரவுச் சாப்பாடு.

இந்தத் தாளை வேறு யாரையும் விட நம்பியவர் அக்காதான். பேத்திக்கு உடம்பு தேறினால் பத்துமலைப் படி ஏறி முருகனைப் பார்த்த பிறகுதான் அன்று வாயில் எதையும் வைப்பேன் என்று அவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. ஒன்பது மணிக்குப் பத்துமலை என்று தாளில் போட்டிருந்தது. படி ஏறி இறங்கப் பத்தரை ஆகும், அதன்பின் மாத்திரையும் போட்டுச் சாப்பிட்டும் விடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அதை மகளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லவில்லை, கைடிடமும் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர் நம்பிக்கை.

நடந்த நாள்

காலை ஏழேகாலுக்கு ஓட்டலில் பசியாறல். எங்கள் ஆட்களுக்கு இந்தக் காலைச் சாப்பாடுதான் பயணம் முழுக்கப் பிரச்சினை. மேசை நிறைய உணவு இருக்கும், சாப்பிட ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றை, அங்கே நாசி லெமாக் என்கிறார்கள், முதல் நாள் ஆசையாக எடுத்தார்கள். அதோடு வைக்கும் சம்பல் என்ற மிளகாய் விழுதில் நெத்திலிக் கருவாடு கிடப்பதை ஒருவர் பார்த்துச் சொன்னதும், சைவக்காரப் பெண்கள் அந்தப் பக்கமே போகவில்லை. காரத்தில் இறால் விழுது சேர்ப்பதும் அங்கே சகஜம். கவுச்சி எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள மொழியும் தைரியமும் போதவில்லை. ஆக ரொட்டி, ஜாம், வாழைப்பழம் என்று இரண்டு காலை ஓடிவிட்டது. இரவுச் சாப்பாடு முன்பதிவு செய்த வடநாட்டு உணவகங்களில். நான் ரொட்டி, பனீர், பருப்பு. முந்தைய நாள் இரவு அக்கா சாப்பிட்டது ஒரே ஒரு நான் ரொட்டி. அப்போது மணி எட்டு. அன்று காலை அவர் வெறும் சுடுதண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

"என்னக்கா, ஒண்ணும் எடுக்கலையா?"

"அப்புறம் பாத்துக்கலாம்மா."

ரொட்டி அலுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு நான் என் தட்டோடு நகர்ந்துவிட்டேன். இதைப் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் இதே பதிலைக் கேட்டிருந்தால் நான் நகர்ந்திருக்க மாட்டேன். "மாத்திரை போட்டாச்சா? எப்போ சாப்பிடுவீங்க?" என்று அடுத்த கேள்வி தானாகவே வந்திருக்கும். பயணத்தில் வந்ததும் அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பேருந்து கிளம்பிப் பத்து நிமிடத்தில் கைடு தம்பி மைக்கை எடுத்தார். நல்ல பிள்ளை, அந்த ஊர்த் தமிழர், பொறுமைசாலி. "இன்னிக்கு ஒரு சின்ன மாத்தம். முதல்ல புத்ராஜெயா போயிடறோம். பத்துமலைக்கு மத்தியானம் போகலாம்." நாங்கள் சாப்பிட வேண்டிய உணவகத்தில் பன்னிரண்டரைக்கு வேறு ஒரு பெரிய குழுவுக்கு இடம் கொடுத்துவிட்டார்களாம். எங்களுக்கு இரண்டரை மணிக்குத்தான் இடம். இது நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. மைக்கில் அவர் சொன்னது எந்த இடம் முதலில், எந்த இடம் பிறகு என்பதை மட்டும்தான். சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப்போன செய்தி 26 பேரில் ஒருவர் காதுக்கும் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. புதிய இடத்தைப் பார்க்கும் ஆவலில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தோம்.

கோலாலம்பூருக்குத் தெற்கே 25 கிலோமீட்டர் புத்ராஜெயா. வடக்கே 13 கிலோமீட்டர் பத்துமலை. வரைபடத்தில் பார்த்தால் இந்த வரிசை மாற்றம் எவ்வளவு பெரியது என்று தெரியும். நகரத்தின் ஒரு கோடிக்குப் போய்விட்டு, மறு கோடிக்கு வந்தாக வேண்டும்.

பத்து மணி. பேருந்து நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. அக்காவின் போன் அடிக்கிறது. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஓசூரில் ஏழரை.

"அம்மா, மாத்திரை போட்டியா?"

பின் சீட்டில் இருந்த பெண்மணி கேட்டிருக்கிறார். "இதோ போடறேன் கண்ணு" என்று சொல்லி, பையிலிருந்து எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினாராம். பத்துமலை போன பிறகு போடுவோம் என்று எடுத்துவைத்த மாத்திரையை, மகள் குரல் கேட்டதும் கை தானாகப் போட்டுவிட்டது. அந்த நிமிடத்தில் அவர் சாப்பிட்டு 14 மணி நேரம் ஆகியிருந்தது.

புத்ராஜெயா அழகான இடம், அதைச் சொல்லாமல் போகக்கூடாது. ஏரிக்கரையில் நிற்கும் புத்ரா மசூதி 1999-இல் கட்டி முடித்தது. ரோஜா நிறக் கருங்கல்லில் குவிமாடம், தண்ணீரில் அதன் நிழல். பெண்களுக்கு மேலே போட்டுக்கொள்ள அங்கி கொடுத்தார்கள். கிருஷ்ணகிரி வெயில் நமக்குப் பழக்கம், ஆனால் இது வேறு. காற்றே ஈரமாக இருக்கும். நின்ற இடத்தில் வேர்க்கும். அந்த வேர்வைதான் பிறகு எங்கள் கண்ணைக் கட்டியது.

அங்கிருந்து சாக்லேட் கடை. முக்கால் மணி நேரம் என்று சொன்னது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பேரப்பிள்ளைகளுக்கு, அக்கம்பக்கத்துக்கு என்று பை பையாக வாங்கினார்கள். பிறகு அரண்மனை. 2011-இல் திறந்த புதிய அரண்மனை அது. ஒன்பது மாநில சுல்தான்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரை ஐந்து வருடத்துக்கு நாட்டின் மன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கைடு விளக்கினார். வாசலில் குதிரை வீரர்களோடு படம் எடுத்தோம். அக்கா பேருந்தை விட்டு இறங்கவில்லை. "தலை ஒரு மாதிரி இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்றார். இது முதல் அறிகுறியாக இருந்திருக்கலாம். பேருந்து குளிரூட்டியைக் காரணம் சொன்னோம்.

ஒன்றேகாலுக்குப் பத்துமலை.

முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம், 2006 ஜனவரியில் திறந்தது. பேருந்து திரும்பும்போதே தங்க நிறத்தில் தெரிந்ததும் உள்ளே எல்லோரும் அரோகரா போட்டார்கள். 1890-களில் தம்புசாமிப் பிள்ளை இந்தக் குகையில் வேல் வைத்து வழிபாட்டைத் தொடங்கிய கதையைக் கைடு சொன்னபோது என் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கப்பலேறி வந்து ரப்பர் காட்டில் உழைத்த சனங்கள் கும்பிட்ட இடம். மொத்தம் 272 படி. 2018-இல் அவற்றுக்குப் பல நிற வண்ணம் பூசினார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு யாருக்கும் காத்திராமல் ஏற ஆரம்பித்தார். எனக்கு முழங்கால் வலி. நான் கீழே நிழலில் நின்றுவிட்டேன். என் கைப்பை, அதற்குள் சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் டப்பா எல்லாம் பேருந்தில். பேருந்து எங்களை இறக்கிவிட்டு நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டது.

ஒன்று நாற்பதுக்கு எங்கள் குழுவின் இளைஞர் இருவர் அக்காவைத் தோளில் தாங்கி இறக்கிக்கொண்டு வந்தார்கள். 60, 70 படி தாண்டும்போது உட்கார்ந்துவிட்டாராம். எழுப்பினால் கோபித்துக்கொண்டாராம். "விடுங்கடா, நான் ஏறணும்" என்று திட்டியிருக்கிறார். அக்கா அப்படிப் பேசுகிறவர் அல்ல. அடிவாரத்தில் பூக்கடைக்காரப் பெண்மணி ஒருவர் நாற்காலி கொடுத்தார். கையைத் தொட்டேன். சில்லென்று நனைந்திருந்தது. விரல் நடுங்கியது. கேட்டதற்குப் பதில் கோர்வையாக வரவில்லை.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வெயில் என்றார் ஒருவர். வயசு என்றார் இன்னொருவர். சாமி வந்திருக்கும் என்றும் ஒரு குரல். ஒருவர் இளநீர் வாங்கிக் கொடுத்தார், ஒருவர் காலையில் வாங்கிய சாக்லேட்டைப் பிரித்து வாயில் வைத்தார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சர்க்கரைத் தண்ணி வேணும்" என்றேன். உடனே பக்கத்தில் இருந்தவர் தடுத்தார். "சுகர்காரங்களுக்குச் சர்க்கரை கொடுக்கலாமா நர்சம்மா? பாத்துட்டுக் குடுங்க."

அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுத்தேன். கருவியை எடுத்துவரப் பேருந்துக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். 13 நிமிடம். அன்றைய நாளில் நான் செய்த பெரிய தவறு இது. மருந்து சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு வேர்வையும் நடுக்கமும் குழப்பமும் சேர்ந்து வந்தால், கருவி கையில் இல்லாவிட்டால் இறங்கியதாகவே வைத்துக்கொண்டு முதலில் சர்க்கரை கொடுக்க வேண்டும். அளப்பது அப்புறம். ஒருவேளை நம் ஊகம் தவறாகவே இருந்து, அவருக்குச் சர்க்கரை கூடித்தான் இருந்தது என்றாலும், நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையால் அந்த நேரத்தில் பெரிய கெடுதல் வந்துவிடாது. இறங்கியிருக்கும்போது கொடுக்காமல் விட்டால் வலிப்பும் மயக்கமும் அடுத்த படி. இதை நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த நான், தெரியாத ஊரில் கூட்டத்துக்கு நடுவில் தயங்கினேன்.

தயக்கத்தை உடைத்தவர் பூக்கடைப் பெண்மணி. அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் குனிந்து கேட்டார்:

"அம்மா, பசியாறிட்டீங்களா?"

நம் பக்கத்தில் சாப்டீங்களா என்போம். அங்கே அந்தச் சொல் பசியாறுதல். அக்கா தலையை ஆட்டினார். "இல்லம்மா. முருகனைப் பாக்கல இன்னும்."

எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது. காலையிலிருந்து ஒரே பேருந்தில் இருந்த 25 பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பூக்கடைப் பெண்மணி அதற்கு மேல் காத்திருக்காமல் பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு பெரிய டம்ளரில் சிராப் வாங்கி வந்தார். ரோஜாப்பாகும் சர்க்கரையும் கலந்த சிவப்புத் தண்ணீர். அக்காவுக்கு விழுங்க முடிந்தது, அதனால் கொடுத்தோம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். அப்போது செய்ய வேண்டியது அந்த நாட்டு அவசர எண்ணான 999-ஐ அழைப்பது மட்டுமே.

சிராப் உள்ளே போய் மூன்று நிமிடத்தில் கருவி வந்தது. 52.

70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே என்றால் கடுமையானது, மூளைக்குப் போதுமான எரிபொருள் இல்லை என்று பொருள். 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தேன், 66. இன்னொரு அரை டம்ளர். மறுபடி 15 நிமிடம். 94. முகம் தெளிந்துவிட்டது. "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று கேட்டார்.

அதன்பின்தான் கஷ்டமான பகுதி. சாப்பிட மறுத்தார். இனிப்புத் தண்ணீர் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். அந்த மாத்திரையோ உள்ளே இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். சோறோ இட்லியோ உள்ளே போகாவிட்டால் மறுபடி இறங்கும். இதை நான் எடுத்துச் சொல்லியும் அவர் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கடைப் பெண்மணி சிலையைக் காட்டினார். "முருகன் இங்க கீழதானம்மா நிக்கிறாரு. அவரைப் பாத்துட்டீங்க. முதல்ல சாப்பிடுங்க." அக்கா நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார். அடிவாரத்துச் சைவ உணவகத்தில் மூன்று இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டார். மணி இரண்டே முக்கால். அந்த இட்லிக்குப் பணம் வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் மறுத்துவிட்டார்.

எங்கே பிசகியது

ஊருக்கு வந்த பிறகு குழுவில் பலர் அக்காவைக் குறை சொன்னார்கள். "சொல்லாம விரதம் இருந்தா யார் என்ன பண்ண முடியும்?" நான் இதை ஏற்கவில்லை. அவர் திட்டத்தில் பத்தரைக்கு மேல் பட்டினி இல்லை. தாளை மாற்றியது அவர் அல்ல. தாள் மாறியபோது அதன் விளைவு அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. கைடைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. அவருக்கு ஒரே பேருந்தை வைத்து நகரத்தின் இரண்டு கோடியையும் காட்டியாக வேண்டும், உணவகம் கொடுத்த நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 26 பேரில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவரிடம் யாரும் கொடுக்காத தகவலை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

என் பார்வையில் பிசகு வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் நாளை நாங்கள் பார்க்கும் இடங்களைக் கொண்டு கட்டியிருந்தோம். இரண்டு இடங்களுக்கு நடுவில் எங்கே நேரம் கிடைக்கிறதோ அங்கே சாப்பாட்டைச் செருகினோம். அதனால் ஒரு இடம் நகர்ந்ததும் சாப்பாடு சத்தமில்லாமல் நகர்ந்தது. இளைஞர்கள் போகிற பயணத்தில் இது பெரிதில்லை. எங்கள் குழுவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் 19 பேர். திரும்பி வந்து கேட்டுப் பார்த்ததில் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 8 பேர், அதில் 5 பேர் கிளிமிபிரைடு வகை, ஒருவர் இன்சுலின். அந்த இன்சுலின்காரர் அன்று மதியம் அக்காவைப் போல ஆகாமல் தப்பியதற்குக் காரணம், பையில் மனைவி கட்டிக்கொடுத்த எள்ளுருண்டை. அவர் தப்பியதற்குத் திட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை.

கிளம்பும் முன் காரிமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் கூடிப் பேசினோம். பெட்டி எடை எவ்வளவு, வெள்ளி மாற்றுவது எங்கே, அங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், பெங்களூர் விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வேன். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் மாத்திரை என்ற சொல் வரவில்லை. நான் இருந்த கூட்டம் அது. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பக்கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதைக்கூட நான் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவள், சுற்றுலா வருகிறேன், நர்ஸ் வேலை பார்க்க வரவில்லை என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது.

அந்தப் போன் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. மகளின் அழைப்பு இந்திய நேரத்தில் வந்தது. அக்கா மலேசிய நேரத்தில் நகர்ந்துகொண்டிருந்தார். முதல் நான்கு நாளும் அவர் மாத்திரையைப் பத்து மணிக்கே போட்டிருக்கிறார், ஓட்டலில் எட்டு மணிக்கு ரொட்டி சாப்பிட்டுவிட்டு. அப்போது எதுவும் நடக்காததற்குக் காரணம் வயிற்றில் ஏதோ இருந்ததும், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்ததும்தான். ஐந்தாம் நாள் இரண்டும் இல்லை, கூடவே படி ஏறும் உழைப்பு. உடல் உழைப்பும் சர்க்கரையை இறக்கும். ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் தாங்கியிருப்பார்.

விரதத்தைப் பற்றி: எங்கள் பக்கத்தில் கிருத்திகை, சஷ்டி, அமாவாசை என்று மாதத்தில் இரண்டு மூன்று நாளாவது ஒருவேளை விடுகிற பெண்கள் அநேகம். விரதம் இருக்காதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், சொல்ல எனக்கும் மனமில்லை. அன்று எந்த மாத்திரையை விடுவது, எதைத் தள்ளிப்போடுவது என்று அவரவர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் போதும். அக்காவுக்கு ஊரில் கிருத்திகைக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது, மாத்திரையைப் பகல் சாப்பாட்டோடு போடுவார். மகளுக்கும் அது தெரியும். வேண்டுதல் இரகசியமாக இருந்ததால் மகளுக்கு அன்று விரதநாள் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் போன் வேறு மாதிரி பேசியிருக்கும்.

கூட்டத்தில் கொடுத்தவற்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். சாக்லேட்டில் இனிப்பு உண்டு, கூடவே கொழுப்பும் உண்டு. கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு அது ஆகாது. ஒரு டம்ளர் இளநீரில் சர்க்கரை பத்து கிராமுக்கு உள்ளேதான். தேவை 15 கிராம், அதுவும் உடனே. நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய 16 கிராம். அதைவிட நல்லது குளுக்கோஸ் பொடி. மறுபடி அளந்து 70-ஐத் தாண்டும் வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை.

மாலையும் மறுநாளும்

நான்கு மணிக்கு ஓட்டல் பக்கத்துச் சிறிய கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். இளம் பெண் மருத்துவர். 52 என்று சொன்னதும் புருவத்தைச் சுருக்கினார். நாம் மில்லிகிராமில் சொல்வதை அங்கே மில்லிமோல் என்ற வேறு அளவில் சொல்கிறார்கள். நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் அவர்கள் எண் வரும். காகிதத்தில் 2.9 என்று எழுதிக் காட்டியதும் எழுந்தே விட்டார். வெளிநாட்டில் நோயாளியோடு போகிறவர்கள் இந்த வகுத்தலைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 5.2 என்று தப்பாகப் புரிந்துகொண்டால் சரியான அளவு என்று அனுப்பிவிடக்கூடும். இரவு முழுக்க இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை அளக்கச் சொன்னார். நோயின் பெயரோடு ரசீது கொடுத்தார், காப்பீட்டுக்கு அது வேண்டும். பழைய நோயைப் பாலிசி எடுக்கும்போதே சொல்லியிருந்தால்தான் அந்த ரசீதுக்கு மதிப்பு. எங்களில் பாதிப் பேர் சொல்லவில்லை என்பது அன்று இரவுதான் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி அந்த வடநாட்டுப் பஃபேதான் எழுதியிருந்தது. முதல்முறையாகக் குழு வாய் திறந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் கைடிடம் சொன்னார்: "தம்பி, கட்டின பணம் போனா போகட்டும். எங்களுக்குச் சோறும் ரசமும் வேணும்." பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்குப் போனோம். வாழை இலை, வெள்ளைச் சோறு, இரண்டு பொரியல், அப்பளம், ரசம். அக்கா இரண்டாம் முறை சோறு வாங்கினார். நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாத அத்தனை பேரும் அன்றுதான் இலையை மடித்தார்கள். சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்கு மேல் இரட்டைக் கோபுரத்தை வெளிச்சத்தில் பார்த்தோம். 88 மாடி, 452 மீட்டர். தாளில் இருந்த எதுவும் விட்டுப்போகவில்லை. சாப்பாட்டை முன்னால் வைத்ததால் ஓர் இடமும் குறையவில்லை.

பத்து மணிக்கு 172. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன், 121.

மறுநாள் கெந்திங் மலைக்குப் போக வேண்டும். பத்துமலை வழியில்தான். கைடு தம்பி தானாகவே வந்து கேட்டார், "காலையில ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பலாமா? அம்மா ஏறிட்டு வரட்டும்." 26 பேரும் சரியென்றோம். கிளம்பும் முன் மைக்கில் அவர் சொன்ன முதல் வார்த்தை அன்று மதியம் எத்தனை மணிக்கு, எங்கே சாப்பாடு என்பதுதான். அக்காவின் மகளிடம் நான் பேசினேன். இனி மலேசிய நேரம் ஏழரைக்கு, அதாவது அங்கே ஐந்து மணிக்கு, எழுந்து அழைப்பதாகச் சொன்னாள். வேண்டாம் கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கேள்வியையும் மாற்றச் சொன்னேன்: முதலில் "சாப்பிட்டியா?", அப்புறம் "மாத்திரை?"

இந்த மாதம் அடுத்த குழு இலங்கைக்குக் கிளம்புகிறது. மண்டபத்தில் கூடியபோது பெட்டி எடையைப் பேசும் முன்பே ஒரு காகிதம் சுற்றில் விட்டோம். என்ன மாத்திரை, எந்த நேரம், எந்த நாளில் விரதம், எதைச் சாப்பிட மாட்டீர்கள், அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்ய வேண்டும். வேண்டுதல் என்னவென்று எழுத வேண்டாம், பட்டினி எத்தனை மணி வரை என்று மட்டும் எழுதுங்கள் என்று நான் எழுந்து நின்று சொன்னேன். மூன்று பெண்கள் எழுதினார்கள்.

பத்துமலைக்கு மறுபடி போன அந்த மறுநாள் காலை, ஓட்டலிலேயே ஆறரைக்கு அக்கா இரண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், முந்தைய நாள் இரவு உணவகத்திலிருந்து நான் கட்டிவாங்கிய தயிர்சாதம் சாப்பிட்டு, மாத்திரை போட்டார். வேண்டுதல்படி பார்க்கும் முன் சாப்பிடக்கூடாதே என்று யாரோ கேட்டதற்கு, நேற்றே பார்த்துவிட்டேன் என்றார். 272 படியையும் நின்று நின்று ஏறினார். முழங்காலைப் பொருட்படுத்தாமல் நானும் கூடவே ஏறினேன், பை தோளில். இறங்கி வந்தபோது பூக்கடை திறந்திருந்தது.

"பசியாறியாச்சாம்மா?"

"ஆச்சும்மா. வயிறு நிறைய."

அதே நாற்காலியில் உட்காரவைத்து விரலைக் குத்தினேன். 138. எவ்வளவு என்று அந்தப் பெண்மணி எட்டிப் பார்த்தார். அவர் அம்மாவுக்கும் சுகராம். மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எங்க கணக்குல ஏழரைக்கு மேல. நல்லா இருக்கு." பிறகு ஒரு முழம் மல்லிகையை வெட்டி அக்கா தலையில் வைத்துவிட்டார்.